தானியத்தின் பூர்வோத்தரம்

அமெரிக்க நாட்டில் பெரியோரும் சிறியோரும் விரும்பித் தின்னும் ‘டாக்கோ’ என்ற மெக்ஸிகோ வழிப் பலகாரத்துக்கு உறையாக அமையும் மொறுமொறுப்பான மக்காச்சோள ஓடுகள் சிலவற்றை, 2000-ஆம் ஆண்டில், சுற்றுப்புறப் பாதுகாப்பிலும் நுகர்வோர் நலனிலும் அக்கறை கொண்ட சங்கங்கள் சில ஒன்றுசேர்ந்து கடையில் விலைக்கு வாங்கி, அயோவா மாநிலத்திலுள்ள ஒரு தனியார் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிவைத்தன. செப்டம்பர் மாதத்தில் முடிவு வெளியாயிற்று. அந்த ஓடுகளில் ‘ஸ்டார்லிங்க்’ என்ற மக்காச்சோளத்தின் மரபணு காணப்பட்டது. ஸ்டார்லிங்கோ, ஆடுமாடுகளுக்கும் கோழிகளுக்கும் தீனியாகலாம், ஆலையில் எரிசாராயமாகலாம், ஆனால் மனிதர் உணவில் மட்டும் சேரலாகாது என்ற நிபந்தனையின்பேரில் 1998-இல் சர்க்காரின் அனுமதி பெற்ற பயிர்.

அந்த நிபந்தனைக்குக் காரணம் உண்டு. மண்ணில் வாழும் ‘பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ்’ (சுருக்கமாக ‘பி.டி.’) என்ற பாக்டீரியா புழுக்களைக் கொல்லும் புரதங்கள் பலவற்றை உண்டாக்க வல்லது. அவற்றுள் ‘கிரை 9சி’ என்ற ஒன்றைச் செய்யும் மரபணுவை எடுத்து மக்காச்சோளத்தில் புகுத்தியதால், தண்டு துளைக்கும் புழு அந்தச் செடியைத் தின்றால் மாண்டுபோயிற்று. இந்தப் புரதம் ஓரளவு வெப்பத்தைத் தாங்குவதாயும், இரைப்பையின் அமிலத்தில் மெதுவாகவே சிதைவதாயும் சோதனைகளில் தெரியவந்தது. ஒவ்வாமையை விளைவிக்கும் உணவுப் புரதங்கள் பலவற்றுக்கும் இந்த இரண்டு லக்ஷணங்கள் உண்டு. அவை இருப்பதனாலேயே கிரை 9சி ஒவ்வாமை விளைவிக்கும் என்று ஆகிவிடாது. எனினும் சந்தேகம் தீரும்வரை மனிதர் அதை உண்ண வேண்டாம் என்று அதிகாரிகள் கருதினார்கள்.

காகிதத்தில் எழுதுவதற்கு மிக எளிய நிபந்தனைதான். ஆனால் காற்றில் பறக்கும் மகரந்தத்துக்கு நிபந்தனை தெரியாது. அறுவடை யந்திரத்துக்கும், லாரிக்கும், பல விவசாயிகளின் தானியம் ஒன்றாகக் கொட்டப்படும் பெருங்களஞ்சியத்துக்கும் தெரியாது. நாட்டின் மக்காச்சோளப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான நிலத்தில் பயிரான ஸ்டார்லிங்க், மாவு ஆலைகள் வழியாகக் கடைத்தெருவெங்கும் புகுந்துவிட்டது. ஓடுகளை விற்ற கிராஃப்ட் கம்பெனி தானும் சோதித்துப் பார்த்து, உண்மை என்று கண்டு, சரக்கு முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதைத் தொடர்ந்து ஏறக்குறைய முந்நூறு வகைப் பண்டங்கள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. கடல் கடந்து ஜப்பானிலும் அந்தச் சோளம் அகப்பட்டு, அமெரிக்கத் தானியத்தை வாங்குவோர் தயங்கத் தொடங்கினார்கள். கடைச் சரக்கில் இத்தகைய மரபணுவைச் சர்க்கார் அதிகாரிகள் அதுவரை வழக்கமாகத் தேடிப் பார்த்ததில்லை என்பதும், கண்டுபிடித்தவர்கள் வெளியாட்களே என்பதும் கருதத்தக்கவை.

கதையின் பிற்பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மக்காச்சோளப் பண்டம் தின்றபின் உடம்பில் தடிப்பும் மூச்சுத் திணறலும் கண்டதாகப் பலர் முறையிட்டார்கள். அவர்களுள் ஒவ்வாமை நேர்ந்திருக்கக்கூடும் என்று தோன்றிய 28 பேரை அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தினர் விசாரித்து, அவர்களது இரத்தத்தைச் சோதித்தார்கள். கிரை 9சி புரதத்தினால் அவர்களுக்குத் தீங்கு நேர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2001-இல் அறிக்கை வெளியாயிற்று. ஆக, அயோவாப் பரிசோதனைச் சாலை சொன்னது அந்தச் சோளத்தின் பூர்வோத்தரம்: அது யாருடைய வித்து, எவ்வழி வந்தது என்பது. அதன் குணதோஷத்தைப் பற்றி அந்தச் சாலை ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. மரபணுப் பரிசோதனையைப் பற்றி நம் நாட்டில் நடக்கும் வாதங்களில் பெரும்பாலானவை, இவ்விரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதனால் எழுபவையே என்பது என் அபிப்பிராயம். ‘மரபணு காணப்பட்டது’ என்றவுடன் நஞ்சே காணப்பட்டதுபோல் ஒருசாரார் பதறுகிறார்கள். தீங்கு நிரூபணமாகாதபோது சோதனை எதற்கு என்று மற்றொரு சாரார் கேட்கிறார்கள். தான் வாங்கும் பண்டத்தின் பூர்வோத்தரத்தை அறியும் உரிமை வாங்குகிறவனுக்கு, தீங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், உண்டல்லவா?

அதை அறியும் உபாயங்கள் இரண்டு. புகுத்திய மரபணு செய்யும் புரதத்தைத் தேடுவது ஒன்று. அந்த மரபணுவையே தேடுவது மற்றொன்று.

முதலாவதைப் பருத்திக்காட்டின் வரப்பில் நின்றே செய்துவிடலாம். சிறு பிளாஸ்டிக் குப்பியின் மூடிக்கும் வாய்க்கும் இடையே ஓர் இளம் இலையை வைத்து அழுத்தினால், வட்டமான ஒரு துண்டு நறுக்குண்டு உள்ளே விழும். அதில் சில சொட்டுக் கரைசலை விட்டு, குச்சியால் நன்றாக மசித்து, விரல் அகலங்கூட இல்லாத ஒரு காகிதப் பட்டையை அந்தச் சாற்றில் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். சாறு பட்டையில் மெல்ல ஏறும். ஐந்து பத்து நிமிஷங்களில் ஒரு கோடு தோன்றும். அது பட்டை பழுதில்லாதது என்பதற்கு அடையாளம். அதற்குக் கீழே இரண்டாவது கோடும் தோன்றுமாயின், தேடிய புரதம் இலையில் இருக்கிறது. நம் நாட்டுப் பி.டி. பருத்தியில் முதன்முதல் புகுத்தப்பட்ட ‘கிரை 1ஏசி’ புரதத்தைக் காட்டும் சோதனைப் பெட்டிகளை நாகபுரியிலுள்ள மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தாரே உருவாக்கினார்கள். போலி விதையைப் பிடிப்பதற்கு இவை பெரிதும் உபகாரமானவை. ஏனெனில், பருத்தி விவசாயிக்கு இந்த விஷயத்தில் நேரும் மோசடி, மரபணு மாற்றிய விதையை மாற்றாதது என்று விற்பது அன்று, மாற்றாததை மாற்றியது என்று சொல்லி அதிக விலைக்குத் தலையில் கட்டுவதே.

ஆனால் பட்டை ஒன்றுக்கு ஒரு புரதத்தைத்தான் தெரியும். கிரை 1ஏசியைக் காட்டும் பட்டை, களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு ஏறிய செடியின் முன்னால் வாய் திறவாது. அன்றியும் புரதம் மென்மையான பொருள். கொதித்தும் வறுத்தும் பொரித்தும் வந்த பண்டத்தில் அது உருமாறிப் போய்விடுவதால் பட்டை அதனை இன்னதென்று அறிந்துகொள்ள இயலாமற் போகும். சுண்ணாம்பு நீரில் வெந்து, மாவாகி, எண்ணெயில் பொரிந்து வந்த டாக்கோ ஓட்டில் அயோவாவினர் புரதத்தைத் தேடாமல் டி.என்.ஏ.வைத் தேடியதன் காரணம் இதுவே.

டி.என்.ஏ. இழை சிதைந்தாலும் அதன் துண்டுகள் நெடுநாள் பிழைத்திருக்கும். ஆயினும் ஒரு சிட்டிகை மாவிலுள்ள கோடானுகோடித் துண்டுகளுள் நாம் தேடும் சிறு துண்டு எங்கோ சில இடங்களில்தான் இருக்கும். அதைக் காண வேண்டுமானால் அதைப் பெருக்க வேண்டும். அப்படிப் பெருக்கும் உபாயத்தை 1983-இல் காரி மல்லிஸ் என்ற அமெரிக்க ரசாயன விஞ்ஞானி கண்டறிந்தார். பத்தாண்டுகளுக்குப் பின் நோபல் பரிசும் பெற்றார். பி.சி.ஆர். என்று கொரோனாக் காலத்தில் பட்டிதொட்டியெல்லாம் கேட்ட பெயர் அதற்குரியதுதான்; நம் மூக்கிலும் தொண்டையிலும் கிருமியைத் தேடிய அதே யந்திரம் சோயா மாவிலும் மரபணுவைத் தேடுகிறது.

முதலில், மாவிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க வேண்டும். மாச்சத்து, கொழுப்பு, பண்டத்தில் சேர்த்த சாயம், மசாலா இவையாவும் பின்னால் நடக்க வேண்டிய வினையைத் தடுக்கும் சத்துருக்கள். அவற்றைக் கழுவி நீக்கியபின், தேடும் துண்டின் இரு முனைகளுக்கும் பொருந்தும்படி செயற்கையாகச் செய்த இரண்டு குட்டை இழைகளையும், டி.என்.ஏ.வைக் கட்டும் நொதி ஒன்றையும் சேர்த்து யந்திரத்தில் வைக்கிறார்கள். யந்திரத்தின் வேலை சூடாக்குவதும் ஆற்றுவதுமே. சுமார் 95 பாகை வெப்பத்தில் டி.என்.ஏ.வின் இரட்டை இழை பிரிந்து ஒற்றையாகும். 60 பாகை அளவுக்கு ஆறும்போது குட்டை இழைகள் தத்தம் இடம் தேடி ஒட்டிக்கொள்ளும். பிறகு நொதி அங்கிருந்து தொடங்கிப் புதிய இழையைக் கட்டி முடிக்கும். ஒன்று இரண்டாயிற்று. மறுபடியும் சூடு, மறுபடியும் ஆற்றல், இரண்டு நான்காயிற்று. இவ்வாறு முப்பது சுற்றுகள் முடிவதற்குள் ஒரே துண்டு நூற்றேழு கோடியாகப் பெருகிவிடுகிறது. இத்தனை முறை கொதிநிலைக்கு அருகே சென்றும் அந்த நொதி கெடாமல் இருப்பதற்குக் காரணம், அது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்டது என்பது. தேடும் துண்டு கிடைத்துப் பெருகப் பெருக, உடன் சேர்த்த சாயம் ஒளிவிடும்; எத்தனையாவது சுற்றில் ஒளி தலைகாட்டியது என்பதைக் கணித்து, தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்பதைக் கணக்கிடுகிறார்கள்.

பெருக்கும் ஆற்றலே இம்முறையின் பலம். அதுவே இதன் பெரிய அபாயமும் ஆகும். நேற்றுச் சோதித்த சோளமாவின் தூசி ஒரு துகள் இன்றைய குழாயில் விழுந்தால் அதுவும் கோடியாகப் பெருகி, குற்றமற்ற சரக்கின்மேல் பழி சுமத்திவிடும். ஆகையால் ஒழுங்காக நடக்கும் பரிசோதனைச் சாலைகளில் அரைப்பதற்கு ஓர் அறை, பிரித்தெடுப்பதற்கு ஓர் அறை, மருந்து கலப்பதற்கு ஓர் அறை, பெருக்குவதற்கு ஓர் அறை என்று தனித்தனியே வைத்திருக்கிறார்கள். பெருக்கும் அறைக்குச் சென்றவர் அதே அங்கியோடு அரைக்கும் அறைக்குத் திரும்புவதில்லை. ஒவ்வொரு முறையும் வெறும் நீரையும் ஒரு குழாயில் வைத்துச் சோதிப்பார்கள். அந்த நீரிலும் மரபணு ‘காணப்பட்டால்’, அன்றைய முடிவு அத்தனையும் குப்பைக்கூடைக்குப் போகும்.

எதைத் தேடுவது என்பது அடுத்த கேள்வி. உலகில் நூற்றுக்கணக்கான மரபணு மாற்றப் பயிர்கள் உண்டாக்கப்பட்டிருக்க, ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடிக்கொண்டிருந்தால் பொருளும் காலமும் விரயமாகும். நல்ல வேளையாக, அவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஒரே கருவிகளைக் கையாண்டிருக்கிறார்கள். புகுத்திய மரபணு செடியில் வேலை செய்ய வேண்டுமானால், ‘இங்கே தொடங்கு’ என்று காட்டும் தலைப்புத் துண்டு ஒன்றும், ‘இங்கே நிறுத்து’ என்று காட்டும் வால் துண்டு ஒன்றும் அதற்கு வேண்டும். தலைப்புக்குக் காலிபிளவர் தேமல் வைரஸிலிருந்து எடுத்த ‘35எஸ்’ என்ற துண்டையும், வாலுக்கு அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்த ‘நாஸ்’ என்ற துண்டையும் பலரும் உபயோகித்து வந்தார்கள். எனவே இவ்விரண்டில் ஒன்றேனும் உண்டா என்று முதலில் பார்ப்பது வழக்கம்.

ஆனால் இங்கே ஒரு சங்கடம் உண்டு. காலிபிளவர் தேமல் வைரஸ், பெயருக்கேற்பக் காலிபிளவரையும் கோஸையும் கடுகுக் குடும்பத்துச் செடிகளையும் இயல்பாகவே பீடிக்கும் வைரஸ். நோய் கண்ட கோஸ் ஒன்றை நறுக்கிச் சோதித்தால் 35எஸ் துண்டு அதில் இருக்கத்தான் செய்யும். அது எந்த விஞ்ஞானியும் தொடாத, ஊர்த் தோட்டத்தில் விளைந்த கோஸாகவும் இருக்கலாம். ஆகவே அந்த வைரஸுக்கே உரிய வேறொரு துண்டும் உடன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பேச வேண்டும். ஐயத்துக்கு இடமில்லாத பிரமாணம் வேறு: புகுத்திய மரபணு, செடியின் சொந்த மரபுத்தொகுதியோடு ஒட்டிக்கொண்ட சந்திப்பு. ஒவ்வொரு முறை புகுத்தும்போதும் அது வெவ்வேறு இடத்தில் சென்று ஒட்டுவதால், ஒரு பயிரின் சந்திப்பு மற்றொன்றுக்கு இராது. அந்தச் சந்திப்பைத் தேடிக் கண்டுவிட்டால், ‘மரபணு மாற்றம் இருக்கிறது’ என்ற அளவோடு நில்லாமல், இன்ன கம்பெனியின் இன்ன பயிர் என்றே பெயர் சொல்லிவிடலாம். அதற்கு அந்தச் சந்திப்பின் எழுத்து வரிசை முன்னமே தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் தடை. அனுமதி கேட்டு விண்ணப்பித்த பயிருக்கு அந்த விவரத்தைக் கம்பெனியிடமிருந்து கேட்டுப் பெறலாம்; எவருக்கும் சொல்லாமல் எங்கோ செய்த பயிருக்கு யாரைக் கேட்பது?

இத்தனை நுட்பங்களும் ஒருபுறமிருக்க, தவறு அதிகமாக நேரும் இடம் யந்திரம் அன்று. சாக்கில் கைவிட்டு மாதிரி எடுக்கும் இடமே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பெண்மக்கள் கண்ட அநுபவ உண்மை. ஒரே பானையில் ஒரே உலைநீரில் ஒரே நெருப்பில் வெந்ததனால்தான் ஒரு பருக்கை மற்றெல்லாவற்றுக்கும் சாட்சி சொல்ல முடிகிறது. ஐம்பதாயிரம் டன் மக்காச்சோளம் ஏற்றிவரும் கப்பலிலோ ஆயிரம் வயல்களின் விளைச்சல் அடுக்கடுக்காகக் கிடக்கும். மேல் அடுக்குக்குக் கீழ் அடுக்கு அந்நியம். ஆயிரத்துக்கு ஒரு மணி வீதம் அந்நிய விதை கலந்திருக்கும் குவியலிலிருந்து நூறு மணிகளை எடுத்துச் சோதித்தால், அவற்றுள் அது ஒன்றுகூட இல்லாதிருக்கவே பத்துக்கு ஒன்பது பங்கு வாய்ப்பு. மூவாயிரம் மணிகளை எடுத்தால்தான், ஒன்றாவது அகப்படும் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நம்பிக்கையோடு சொல்லலாம். மக்காச்சோளமாயின் அது ஏறக்குறைய ஒரு கிலோ. அந்தக் கிலோவையும் பொடியாக அரைத்து, அதில் கால் கிராம் அளவே எடுத்து, அதிலிருந்து பிரித்த டி.என்.ஏ.யில் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கைக் குழாயில் இடுகிறார்கள். அந்தத் துளிக்குள் மக்காச்சோளத்தின் மரபுத்தொகுதி சற்றேறக்குறைய நாற்பதாயிரம் பிரதிகள் இருக்கும். கலப்பு ஆயிரத்துக்கு ஒன்றானால், தேடும் பொருள் நாற்பதே நாற்பது. கப்பலிலிருந்து அந்த நாற்பதுவரை உள்ள வழியில் எந்தப் படியில் கை வழுக்கினாலும் முடிவு பிசகிவிடும். எனவே ‘காணப்படவில்லை’ என்று அறிக்கை வந்தால், ‘அனுப்பிய மாதிரியில், தேடிய துண்டு, இந்த முறை காணக்கூடிய அளவில் காணப்படவில்லை’ என்று விரித்துப் படித்துக்கொள்வதே முறை.

அற்ப அளவுக்கு எவ்வளவு பெரிய விலை என்பதை அமெரிக்க நெல் விவசாயிகள் 2006-இல் அறிந்தார்கள். பேயர் கம்பெனிக்குச் சேர்ந்த, அப்போது விற்பனைக்கு அனுமதி பெறாத ‘எல்.எல். ரைஸ் 601’ என்ற களைக்கொல்லி தாங்கும் நெல், நீளரிசிச் சரக்கில் பதினாயிரம் மணிகளுக்கு ஆறு மணி என்ற அளவில் கலந்திருப்பதாக அவ்வாண்டு ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. ஐரோப்பா உடனே சோதனைச் சான்றில்லாத அமெரிக்க நீளரிசியை ஏற்க மறுத்தது, விலை சரிந்தது, வழக்குகள் எழுந்தன. 2011-இல் அந்தக் கம்பெனி விவசாயிகளுக்கு 75 கோடி டாலர்வரை இழப்பீடு தர இணங்கியது. கலப்பு எவ்வாறு நேர்ந்தது என்பதை அமெரிக்க விவசாய இலாகாவினர் நெடுநாள் துருவித் துருவி விசாரித்தும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அனுமதி பெற்ற பயிர் தற்செயலாகக் கலந்திருந்தால் எந்த அளவுவரை பொறுத்துக்கொள்வது என்பதில் நாட்டுக்கு நாடு ஒரு கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் நூற்றுக்கு 0.9 என்கிறது, தென்கொரியா 3 என்கிறது, ஜப்பான் 5 வரை உறையில் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. மனித உடம்பு பாரிஸிலும் டோக்கியோவிலும் ஒன்றே. வேறுபடுவது, வெளிநாட்டுத் தானியம் இன்றி அந்த நாட்டின் அடுப்பு எவ்வளவு நாள் எரியும் என்பதும், ஜனங்களின் மனப்பான்மையுமே. நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் பிறப்பித்த உத்தரவில், இறக்குமதியாகும் 24 வகை உணவுப் பயிர்களுக்கு மரபணு மாற்றமற்றவை என்ற சான்றிதழ் வேண்டும் என்றும், தற்செயல் கலப்பு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டலாகாது என்றும் விதித்தது.

வெளியிலிருந்து வருவதற்குச் சான்றிதழ் கேட்கும் நாம் உள்ளே விளைந்ததை அறிந்த விதம் சற்று விநோதமானது. 2001-இல் குஜராத்தில் காய்ப்புழு கடுமையாகத் தாக்கி, பருத்திக் காடுகள் பாழாய்க் கிடந்தபோது, சில காடுகள் மட்டும் காய்கள் வெடித்து வெளேரென்று நின்றன. விசாரித்ததில், அகமதாபாத் விதைக் கம்பெனி ஒன்று விற்ற ரகத்தில் கிரை 1ஏசி மரபணு இருப்பது சோதனையில் வெளிப்பட்டது. பி.டி. பருத்திக்கு நம் சர்க்கார் அனுமதி தந்ததோ 2002 மார்ச்சில். சட்டம் வருமுன்பே செடி வந்துவிட்டது. பி.டி. கத்தரியின் கதையும் ஏறக்குறைய இதுவே. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்குகொண்டு உருவாக்கிய அந்தக் கத்தரிக்கு 2010 பெப்ரவரியில் மத்திய அரசு தடை விதித்து நிறுத்திவைத்தது. 2019-இல் ஹரியானாவின் ஃபதேகாபாத் ஜில்லாவில் ஒரு நிலத்தில் அது காய்த்துக்கொண்டிருந்தது. காகிதப் பட்டை முதலில் குறிப்புக் காட்ட, டில்லியிலுள்ள தேசியத் தாவர மரபு வளப் பணியகம் டி.என்.ஏ. சோதனையால் அதை உறுதி செய்தபின், செடிகள் பிடுங்கி அழிக்கப்பட்டன. இரண்டு இடங்களிலும் சோதனைக்கு முன்னால் நடந்தது ஒன்றே: யாரோ ஒருவர் கண்ணால் கண்டு சந்தேகப்பட்டார். சந்தேகப்படாத வயல்களை யார் சோதித்தார்கள் என்று கேட்கலாகாதா?

சில சமயங்களில் சோதனை தீர்த்துவைப்பதைவிடக் கிளப்பிவிடுவது அதிகம். 2021 ஜூனில், இந்தியாவிலிருந்து சென்ற சுமார் 500 டன் நொய்யரிசியைக் கொண்டு அரைத்த மாவில் அனுமதியற்ற மரபணு மாற்ற நெல்லின் அடையாளம் இருப்பதாகப் பிரான்ஸ் அறிவித்தது. அந்த மாவு சேர்ந்த மிட்டாய்கள் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. இந்தியாவில் மரபணு மாற்ற நெல் வியாபாரத்துக்குப் பயிராவதே இல்லை, அரைத்த இடத்தில் கலந்திருக்கக்கூடும் என்று நம் சர்க்கார் மறுமொழி சொன்னது. யந்திரம் துண்டைக் கண்டது உண்மை. அந்தத் துண்டு வயலிலிருந்து வந்ததா, ஆலையின் பல்லிடுக்கிலிருந்து வந்ததா என்பதை மாவைக் கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது.

இனி நம் ஊர்க் கடைத்தெருவுக்கு வருவோம். மரபணு மாற்றிய உணவு அடங்கிய பொட்டலத்தின் முகப்பில் ‘ஜி.எம்.’ என்று பொறிக்க வேண்டும் என்ற விதி 2013 ஜனவரியிலேயே நடைமுறைக்கு வந்தது. அதைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 65 உணவுப் பண்டங்களைச் சோதித்து 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, 21 பண்டங்களில் மரபணு மாற்றம் காணப்பட்டது. அவற்றுள் 16 வெளிநாட்டுச் சரக்கு; மற்றவை நம் நாட்டுப் பருத்திவிதை எண்ணெய். பெரும்பாலானவற்றின் உறையில் அதுபற்றி ஒரு குறிப்பும் இல்லை. சில உறைகளோ, மரபணு மாற்றம் அற்றது என்றே சொல்லிக்கொண்டன. மேல்நாடுகளில் உப்புப் பொட்டலத்தின்மேல்கூட அந்த வாசகத்தை அச்சிட்டு விற்கிறார்கள். உப்புக்கு மரபணுவே கிடையாது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலும்.

எண்ணெயிலும் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. செக்கில் ஆட்டிய எண்ணெயில் விதையின் டி.என்.ஏ. சிறிதளவாவது தங்கியிருக்கும். ஆலையில் பலமுறை சுத்திகரித்து, வெளுத்து, வாசனை நீக்கிய எண்ணெயில் அது அநேகமாக அற்றுப்போய்விடுவதால், முழுக்க முழுக்க மரபணு மாற்றிய சோயாவிலிருந்து வந்த எண்ணெயும் சோதனையில் பரிசுத்தமாகத் தேறிவிடக்கூடும். மதுரை வீதிகளில் மாலை வேளையில் சுடச்சுடக் கிடைக்கும் பருத்திப்பாலோ இதற்கு நேர்மாறானது. பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பிழிந்த பாலில் பச்சரிசி மாவும் வெல்லமும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சும் அந்தப் பானத்தில் வடிகட்டலைத் தவிர வேறு சுத்திகரிப்பு இல்லை. இன்று இந்தியாவில் விளையும் பருத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டது பி.டி. பருத்தி. ஆகையால் அதில் ஒரு குவளையைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினால் 35எஸ் துண்டு காணப்படுமானால், வியப்பதற்கில்லை. தள்ளுவண்டிக்காரர் எந்த முகப்பில் ‘ஜி.எம்.’ என்று பொறிப்பார் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. குடிப்பவர்களுக்கு அதனால் கெடுதி வந்ததாக நான் சொல்லவில்லை. நம் உணவில் மரபணு மாற்றம் இன்னும் நுழையவில்லை என்று மேடைகளில் சொல்கிறவர்கள் இந்தக் குவளையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

இவை யாவும் வெளியிலிருந்து ஒரு மரபணுவைப் புகுத்திய பயிர்களைப் பற்றியவை. இப்போது வேறொரு வகை வந்திருக்கிறது. அந்நியத் துண்டு எதையும் புகுத்தாமல், செடியின் சொந்த மரபணுவிலேயே குறிப்பிட்ட இடத்தில் சில எழுத்துகளை நீக்கியோ திருத்தியோ விடுவது அது. 2025 மே மாதத்தில் நம் மத்திய அரசு இவ்விதம் திருத்திய இரண்டு நெல் ரகங்களை வெளியிட்டது: ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் சாம்பா மசூரியிலிருந்து உருவாக்கிய ‘கமலா’ ஒன்று, டில்லிப் பூசா நிலையத்தாரின் ‘பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1’ மற்றொன்று. அந்நிய மரபணு எஞ்சியிராத இத்தகைய பயிர்களை மரபணு மாற்றப் பயிர்களுக்குரிய கடுமையான விதிகளிலிருந்து 2022-இலேயே நம் சர்க்கார் விலக்கிவிட்டது. இவற்றில் 35எஸ் தலைப்பும் இல்லை, நாஸ் வாலும் இல்லை, சந்திப்பும் இல்லை. எந்த எழுத்து எங்கே மாறியது என்று முன்னரே தெரிந்தவர்கள் அந்த இடத்தைப் படித்துப் பார்த்தால், மாற்றம் இருப்பதைக் காணலாம். ஆனால் அது மனிதன் செய்ததா, வெயிலிலும் மழையிலும் தானாக நேர்ந்ததா என்பதை அந்த எழுத்து சொல்லாது. ஐரோப்பிய நீதிமன்றமோ, இப்படித் திருத்திய பயிர்களும் மரபணு மாற்றப் பயிர்களுக்குரிய சட்டத்துக்கு உட்பட்டவையே என்று 2018-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின்படி பார்த்தால், ஒரே வயலில் விளைந்த ஒரே நெல் இங்கே ஒரு ஜாதி, அங்கே வேறு ஜாதி. அதை ஏற்றிச் செல்லும் கப்பலின் சரக்கை இன்றைய வழக்கமான சோதனைக்கு அனுப்பினால் ‘காணப்படவில்லை’ என்ற பதிலே வரும். அதன் பூர்வோத்தரம் விதை மூட்டையோடு வந்த ரசீதிலும், விதைப் பண்ணையின் பதிவேட்டிலும்தான் இருக்கிறது.